"எல்லாப் புகழும் இறைவனுக்கே": வெற்றிக்குக் கடவுளுக்கு நன்றி சொல்வதில் தர்க்கம் உண்டா?

கேள்வி இதுதான்: படித்தது நான், ராத்திரி கண்விழித்தது நான், பரீட்சை எழுதியதும் நான். வெற்றி வந்ததும் கடவுளுக்கு நன்றி சொன்னால் அது தர்க்கத்துக்குப் பொருந்துமா, வெறும் பழக்கமா?

எதற்காக நன்றி சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில். "கடவுள் அருளால் ஜெயித்தேன்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு கூற்றுகள் இருக்கலாம். ஒன்று, "இந்த வெற்றிக்குத் தேவைப்பட்ட பலவும் நான் சம்பாதிக்காமலே எனக்கு வந்தவை." இன்னொன்று, "மற்றவர்களை விட்டுவிட்டுக் கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தார்." முதலாவது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது லேசாகத் தட்டினாலே உடையும். இந்த விஷயத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

முதலில் சொல்லையே பார்ப்போம். இன்று நன்றி என்பது வாயால் சொல்வது. குறளில் நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அதனால்தான் 11ஆம் அதிகாரத்தின் பெயர் "செய்ந்நன்றி அறிதல்". நன்றி சொல்லுதல் என்று அங்கே இல்லை. யார் எனக்கு என்ன நல்லது செய்தார் என்று தெரிந்து வைத்திருப்பதே அங்கே அறம். அறிதல் என்று வந்துவிட்டால் சரியாகவும் அறியலாம், தப்பாகவும் அறியலாம். பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய கரண்ட் பில்லுக்கு எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கும்பிட்டால், மனசு நல்ல மனசுதான், ஆனால் தகவல் தப்பு. எனவே "நன்றி உணர்ச்சி சார்ந்தது, அதில் என்ன தர்க்கம்" என்று இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நன்றிக்குள் ஒரு செய்தி இருக்கிறது. அந்தச் செய்தி உண்மையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அந்தச் செய்தி உண்மையாக மூன்று விஷயங்கள் கூட வேண்டும். அந்த நன்மையை ஒருவர் செய்திருக்க வேண்டும். தெரிந்து, எனக்கு நல்லது என்று நினைத்துச் செய்திருக்க வேண்டும். அது எனக்கு ஏற்கெனவே சேர வேண்டிய பாக்கியாக இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற 619ஆம் குறளில் கூலி என்ற சொல்லைக் கவனியுங்கள். கூலி என்பது கொடுத்தே தீர வேண்டியது. அதை வாங்குகிறவர் மரியாதைக்கு நன்றி சொல்லலாம், ஆனால் கடன்பட்டவர் அவர் அல்ல. உடம்பு வருந்தி உழைத்ததற்கு உரிய பங்கைக் கூலி என்று நிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம். நன்றிக்கான இடம், கூலிக்கு மேல் வந்தது எவ்வளவு என்ற கணக்கில்தான் இருக்கிறது.

கூலிக்கு மேல் வந்ததைக் கண்ணால் பார்க்க முடியுமா? ஒரு இடத்தில் முடியும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்ஆஃப் போடுகிறார்கள். இருவருக்கு ஒரே கட்ஆஃப் வந்தால் பாடவாரியான மதிப்பெண், பிறகு பொதுத்தேர்வு மொத்தம், பிறகு பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாணவருக்கும் போட்டுக் கொடுத்த 10 இலக்க எண் அது. ஒருவர் முன்னால், இன்னொருவர் பின்னால் என்று அந்த எண்ணே பிரித்துவிடும். அந்த இடைவெளியில் உழைப்பு துளியும் இல்லை. முன்னால் வந்தவர் "இது என் உழைப்பு" என்று சொன்னால் அது பொய்க் கணக்கு.

ரேண்டம் எண் வெளியே அச்சாகித் தெரிகிற ஒன்று. அச்சாகாதவை எத்தனையோ. ஜுரம் வராத பரீட்சை நாள், கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போகாத ஒரு வருஷம், படிக்க உட்கார்ந்தால் உட்கார முடிகிற சுபாவம். கடைசியாகச் சொன்னது உழைப்பையே தொட்டுவிடுகிறது. உழைக்கும் திராணியை நான் உழைத்துச் சம்பாதித்தேனா? போட்டி பெரிதாக ஆக, இப்படி உழைக்காமல் வந்ததன் பங்கு கூடும். ஏனென்றால் ஆயிரக்கணக்கானோர் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்து உச்சியில் நெருக்கியடித்து நிற்கும்போது, அவர்களைப் பிரிக்க உழைப்பில் வித்தியாசம் மிஞ்சுவதில்லை. சின்னச் சின்ன அதிர்ஷ்டங்களே பிரிக்கும்.

இதைப் பழைய நூல்கள் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கேனோபநிடதத்தில் ஒரு கதை. தேவர்கள் அசுரர்களை ஜெயித்துவிட்டு "இது எங்கள் வெற்றி, எங்கள் பெருமை" என்று பூரித்து நிற்கிறார்கள். எதிரே ஒரு யட்சம், யாரென்று தெரியாத அதிசய உருவம், தோன்றுகிறது. யார் என்று விசாரிக்க அக்கினி போகிறான். "உன்னால் என்ன முடியும்?" "பூமியில் உள்ள எதையும் எரிப்பேன்." யட்சம் ஒரு புல்லைக் கீழே வைத்து "இதை எரி" என்கிறது. முழு வேகத்தோடு பாய்கிறான். புல் அப்படியே கிடக்கிறது. அடுத்து வாயு. அதே புல், அசையவில்லை. இந்திரன் கிட்டே போனதும் யட்சம் மறைந்துவிடுகிறது. அங்கே நின்ற உமை, "அது பிரம்மம், அதன் வெற்றியில் நீங்கள் பெருமை கொண்டாடுகிறீர்கள்" என்கிறாள்.

அக்கினி எரிக்கவில்லை என்று இந்தக் கதை சொல்லவில்லை. போரில் எரித்தது அவன்தான். எரிக்கும் ஆற்றல் அவன் உண்டாக்கியது அல்ல என்று மட்டுமே சொல்கிறது. விவிலியத்தின் உபாகமம் 8ஆம் அதிகாரத்திலும் இதே நுணுக்கம்: "என் கைபலம் இந்தச் செல்வத்தைச் சேர்த்தது" என்று எண்ணாதே, அதைச் சம்பாதிக்கும் பெலனைத் தருகிறவரை நினை என்கிறது. செல்வத்தைத் தந்தவர் என்று இல்லை. சம்பாதிக்கும் பெலனைத் தந்தவர். சம்பாதித்தது நீதான் என்பதை அது பறிக்கவில்லை.

சைவ சித்தாந்தத்தில் இதற்குக் கச்சிதமான பெயர்களே உண்டு: தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, உள்ளே வேலை செய்யும் கருவிகள், வாழ உலகம், அனுபவிக்கப் பொருள்கள். ஆணவம் என்ற அறியாமை இருளில் செயலற்றுக் கிடந்த உயிருக்கு இவற்றை இறைவன் கொடுத்தான் என்பது அவர்கள் கணக்கு. "எல்லாம் வினைப்பயன்தானே, கடவுள் வெறும் காசாளர்தானே, காசாளருக்கு எதற்கு நன்றி?" என்று கேட்டால் இரண்டு பதில் சொல்வார்கள். வினை அறிவில்லாத சடம், அது தானாக வந்து செய்தவனைத் தேடிச் சேராது, சேர்ப்பிக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். அதைவிட முக்கியமாக, வேலை செய்யக் கையையும் இடத்தையும் தந்தவன் காசாளர் மட்டும் அல்ல. கூலி கேட்கும் நிலைக்கு என்னை அழைத்து வந்ததே கொடைதான் என்ற இந்தப் பதில் எனக்கு வலுவானதாகவே படுகிறது.

அடுத்து, எல்லோரும் எழுப்பும் ஆட்சேபம்: "கடவுள் செய்தார் என்றால் நான் செய்யவில்லை, நான் செய்தேன் என்றால் கடவுள் செய்யவில்லை." பெருமை என்பது ஒரு பானைச் சோறு, ஒருவர் தட்டில் கூடினால் இன்னொருவர் தட்டில் குறையும் என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. காரணங்கள் அப்படி வேலை செய்வதில்லை. பேனா எழுதியது, கை எழுதியது, நான் எழுதினேன்: மூன்றும் முழுக்க உண்மை. பேனா 30 சதவீதம், கை 30 சதவீதம் என்று யாரும் பிரிப்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத்தான் சொன்னார்: ஒரே விளைவு பாதி கடவுளாலும் பாதி இயற்கைக் காரணத்தாலும் வருவதில்லை, வேறு வேறு தளத்தில் முழுக்க இருவராலும் வருகிறது. கீதை 18ஆம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் சொல்கிறது: இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வம் முதல் நான்கையும் அழித்துவிட்டு வரவில்லை, அவற்றோடு சேர்ந்து வருகிறது. தான் ஒருவனே செய்தேன் என்று பார்ப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் அங்கே சொல்லும் தீர்ப்பு.

பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் சொல்லும் உதாரணம் இன்னும் கிட்டத்தில் வரும். இருவருக்குப் பொதுவான சொத்து. அதை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க நினைத்தால் மற்றவர் சம்மதம் வேண்டும். ஆனால் சம்மதம் கேட்டு வாங்கியது அவர்தான், கொடுத்த புண்ணியமும் அவருக்குத்தான். கடவுளின் அனுமதி இல்லாமல் செயல் நடக்காது. அதனால் செய்தவனின் பொறுப்பு போய்விடாது. பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் ஒரு படி மேலே போய் வாதத்தையே மேடையேற்றுகிறது. "மனித முயற்சி பலனின்றிப் போவதைப் பார்க்கிறோம், ஆகவே ஈசுவரனே காரணம்" என்பது ஒரு சூத்திரம். "இல்லை, முயற்சி இல்லாமல் பலன் வருவதே இல்லையே" என்பது அடுத்தது. "அந்தப் பலனும் அவனால் நிறைவேற்றப்படுவதால் உன் மறுப்பு நிற்காது" என்பது மூன்றாவது. முயற்சிக்கு ஈசுவரன் துணை செய்கிறான் என்று உரைகாரர் வாத்ஸ்யாயனர் இதை விளக்குகிறார். முயற்சியை விலக்கிய கடவுளை இவர்களில் யாரும் பேசவில்லை.

இப்போது நமக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு மேடை. 2009 பிப்ரவரி 22, லாஸ் ஏஞ்சலிஸ், 81ஆவது ஆஸ்கர் விழா. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்துக்காக இரண்டு விருது வாங்கிய ஏ.ஆர்.ரஹ்மான் தமிழில் சொன்னார்: "எல்லாப் புகழும் இறைவனுக்கே." இதைத் தர்க்கமாகப் பிரித்துப் பார்க்க நம் இலக்கணமே கருவி தருகிறது. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. அவற்றில் இங்கே பொருந்துபவை இரண்டு. தேற்றம் என்று கொண்டால் "நிச்சயமாக இறைவனுக்கு" என்று பொருள். மற்றவருக்கும் புகழ் உண்டு என்பதோடு மோதாது. பிரிநிலை என்று கொண்டால் "இறைவனுக்கு மட்டும்". அப்போது அதே விழாவில் அவர் தாயின் ஆசியைச் சொன்னதும் படக்குழுவுக்கு நன்றி சொன்னதும் எப்படிப் பொருந்தும்? மேலே சொன்ன இரண்டு தளக் கணக்கில் பொருந்தும். ஊற்று ஒன்று, வாய்க்கால்கள் பல.

இதன் அரபு மூலமான "அல்ஹம்து லில்லாஹ்"வில் இருப்பது ஹம்து, அதாவது புகழ். நன்றிக்கு ஷுக்ர் என்று தனிச் சொல் உண்டு. எனக்குக் கிடைத்த நன்மைக்காகச் சொல்வது ஷுக்ர். எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இறைவனின் தன்மைக்காகச் சொல்வது ஹம்து. அன்று ரஹ்மான் வாயில் வந்தது ஹம்து. மேலும் "எல்லா" என்ற சொல். அந்த இசை விருதுக்கு அலெக்சாந்த்ரே தெஸ்ப்லா, ஜேம்ஸ் நியூட்டன் ஹவர்ட், டேனி எல்ஃப்மன், தாமஸ் நியூமன் என நால்வர் போட்டியில் இருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். எல்லாப் புகழும் என்றால் அந்த நால்வரின் திறமைக்கு உரிய புகழும் அதில் அடங்கும். "எனக்கு வந்த புகழ்" என்று சொல்லியிருந்தால் அடங்காது. ஒரு சொல்லில் வாக்கியம் பிழைத்துக்கொள்கிறது.

தர்க்கம் உடையும் இடம் "என்னைத் தேர்ந்தெடுத்தார்" என்ற கூற்று. அதே 2009இல் பாடல் பிரிவில் மொத்தம் மூன்றே பாடல்கள் போட்டியிட்டன, இரண்டு ரஹ்மானுடையவை. "ஜெய் ஹோ" ஜெயித்தது, "ஓ ஸாயா" தோற்றது. கடவுள் ஜெயிக்க வைத்ததற்கு விருது சான்று என்றால், அதே மனிதரின் இன்னொரு பாடலைத் தோற்க வைத்ததற்கும் அதே உறை சான்று. இதிலிருந்து கடவுளின் விருப்பு வெறுப்பைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். பெரும்பாலான வீடுகளில் ஒரு விளக்காவது ஏற்றியிருப்பார்கள். வேலை கிடைத்தவரின் பிரார்த்தனைதான் கேட்டது என்றால், மீதிப் பேரின் பிரார்த்தனையில் என்ன குறை என்று சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாது.

இந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்ததே. பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். புயலில் தப்பியவர்கள் கோயிலில் காணிக்கையாக மாட்டிய படங்களைக் காட்டி, "தெய்வங்கள் காப்பாற்றுவது தெரியவில்லையா?" என்று நாத்திகர் தியாகரஸிடம் நண்பர் கேட்கிறார். "மூழ்கிப் போனவர்களின் படம் எங்கும் இல்லையே" என்கிறார் அவர். வேளாங்கண்ணியின் காணிக்கை அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கும் வெள்ளிக் கைகால்களும் படகுகளும் உண்மையான கண்ணீரின் சாட்சி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே ஒரு பக்கம் மட்டுமே வந்து சேரும். 2004 டிசம்பர் 26 அன்று அதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கானோர் சுனாமியில் இறந்தார்கள்; அவர்களிலும் மாதாவைத் தேடி வந்தவர்கள் இருந்தார்கள். தப்பியவர் "உயிரோடு இருக்கிறேன், நன்றி" என்று சொல்வது வேறு. "என்னை மட்டும் காப்பாற்றினார்" என்று விளக்கம் சொல்வது வேறு. இரண்டாவது, பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்து நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வாக்கியம்.

"வேண்டினேன், நடந்தது" என்பதைச் சோதிக்க ஆசைப்படுபவர் நான்கு கட்டம் போட வேண்டும்: வேண்டி நடந்தவை, வேண்டியும் நடக்காதவை, வேண்டாமலே நடந்தவை, வேண்டாமல் நடக்காதவை. நம் நினைவு முதல் கட்டத்தை மட்டும் நிரப்பி வைத்துக்கொள்ளும். நான்கையும் எண்ணிய பெரிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியானது. இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகள். முகம் தெரியாதவர்கள் பிரார்த்தித்த பிரிவில் 52 சதவீதத்தினருக்கும், பிரார்த்திக்காத பிரிவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல் வந்தது. இந்த இரண்டு பிரிவினருக்கும் தாம் எதில் இருக்கிறோம் என்று தெரியாது. தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்த மூன்றாம் பிரிவில் 59 சதவீதம். கடவுள் இல்லை என்று இது நிரூபிக்கவில்லை. வெற்றி தோல்விக் கணக்கை வைத்துக் கடவுளின் கையெழுத்தைப் படிக்க முயல வேண்டாம் என்பதற்கு இது போதும்.

ஆக, கடவுளை ஏற்கெனவே நம்புகிறவர் நன்றிக்கு வந்து சேரலாம். அந்தப் பாதை சரியானது. ஜெயித்தேன், ஆகவே கடவுள் இருக்கிறார் என்று எதிர்த்திசையில் போக முடியாது. நம்பாதவருக்கு நன்றியைப் பெறுபவரே இல்லை என்பதால் முதல் நிபந்தனையே விழுந்துவிடுகிறது. அது அவர்கள் பக்கத்து நேர்மை. இதற்கு நாத்திகராகக்கூட இருக்க வேண்டியதில்லை. வேதத்தை முழுக்க ஏற்ற பூர்வ மீமாம்சகர்கள், செய்த கருமமே அபூர்வம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஆற்றலாக நின்று பலன் தரும், இடையில் ஈசுவரன் வேண்டாம் என்றார்கள். அந்தக் கணக்கில் யாருக்கும் நன்றிப் பாக்கி இல்லை. ஆனாலும் கூலிக்கு மேல் வந்த பங்கு அப்படியேதான் இருக்கிறது. அதை "தற்செயல்" என்று பெயரிட்டு ஒத்துக்கொள்வது நாத்திகருக்கும் கடமை.

"கடவுளை மற, மனிதனை நினை" என்று பெரியார் சொன்னதில் உள்ள குற்றச்சாட்டை நம்புகிறவர்கள் முழுசாகக் காதில் வாங்க வேண்டும். மேலே போகும் நன்றி, பக்கத்தில் இருப்பவருக்குப் போக வேண்டியதை விழுங்கிவிடுகிறது என்பது பெரும்பாலும் உண்மை. பத்து மணி நேர அறுவைக்குப் பிறகு பிழைத்தவர் சுவாமி படத்துக்கு மாலை போடுகிறார். மயக்க மருந்து கொடுத்தவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. இது தர்க்கப்படியும் தப்பு, மதப்படியும் தப்பு. இரண்டு தளக் கணக்கில் வாய்க்காலை மறந்தவன் ஊற்றை அறிந்தவன் ஆக மாட்டான். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தவில்லை என்று நபிமொழி நேரடியாகவே சொல்கிறது.

நடைமுறைக்கு மூன்று சோதனை போதும். தோற்றவர் பக்கத்தில் நிற்கும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுமா? மனிதர்களின் பெயர்ப் பட்டியல் அதற்குள் காணாமல் போகிறதா? அடுத்த முறை தோற்றாலும் அதையே சொல்வேனா? விவிலியத்தில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வரும், தன்னையே நீதிமான் என்று நம்பிய பரிசேயர் "மற்ற மனிதரைப் போல நான் இல்லாததற்காக நன்றி" என்று ஜெபிக்கிறார். முதல் சோதனையிலேயே விழுகிறார். ஜெயித்தால் கடவுள், தோற்றால் விடைத்தாள் திருத்தியவர் சரியில்லை என்பவர் மூன்றாவதில் விழுகிறார். "நன்மையைப் பெற்ற நாம் தீமையையும் பெற வேண்டாமோ?" என்று விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபு கேட்டது அதைத்தான்.

நேர்த்திக்கடன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது: "வேலை கிடைத்தால் பழனியில் முடி இறக்குகிறேன் என்று வேண்டினேன், கிடைத்துவிட்டது, ஆனால் முருகன்தான் கொடுத்தார் என்று எனக்கு நிச்சயமில்லை. இறக்க வேண்டுமா?" இறக்குங்கள். கடன் என்ற பெயரே சொல்வதுபோல இது நன்றி அல்ல, வாக்கு. நீங்கள் வைத்த நிபந்தனை "வேலை கிடைத்தால்" என்பது மட்டும். "முருகன் கொடுத்தார் என்று நிரூபணமானால்" என்பது அல்ல. வேலை கிடைத்துவிட்டது. இனி எதை வேண்டுவது என்பதை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்: "அந்த வேலையை எனக்குக் கொடு" என்பதற்குப் பதில், "பரீட்சை ஹாலில் படித்தது மறக்காமல் இருக்கட்டும்" என்று.